இடமே கலைப்பொருளாகும்போது
நிறுவல் கலையும் சுற்றுச்சூழல் உணர்வும்

1970-களின் நடுப்பகுதியில், சண்டிகர் நகரின் வடக்கு ஓரத்தில் சுக்னா ஏரியை அடுத்த காட்டைத் துப்புரவு செய்யச் சென்ற அரசு ஊழியர்கள் எதிர்பாராத காட்சியொன்றைக் கண்டனர். புதர்களுக்கு நடுவே மனிதர், விலங்கு, பறவை வடிவங்கள் நூற்றுக்கணக்கில் வரிசை வரிசையாக நின்றன. உடைந்த பீங்கான், கண்ணாடி வளையல் துண்டு, கழித்துப்போட்ட குழாய், ஆற்றுக் கல் ஆகியவற்றைக் கொண்டே அவை ஆக்கப்பட்டிருந்தன. கட்டடம் எதுவும் எழுப்பலாகாது என விலக்கி வைக்கப்பட்டிருந்த பாதுகாப்பு நிலம் அது. அங்கே அனுமதியின்றி உருவான எதையும் அகற்றவேண்டும் என்பதே விதி. ஆனால், அகற்றவேண்டிய பொருள் ஆக்கிரமிப்பா, கலையா என்னும் கேள்வி நிர்வாகத்தின் முன் எழுந்தது.

அக்கேள்விக்குச் சண்டிகர் நிர்வாகம் அளித்த விடை, இன்று நாட்டின் பல பகுதிகளில் வளர்ந்துவரும் ஒரு கலைமுறையைப் புரிந்துகொள்ள உதவுகிறது. ஓர் இடத்தின் மண், நீர், கழிவு, உழைப்பு ஆகியவற்றையே கருப்பொருளாகவும் மூலப்பொருளாகவும் கொள்ளும் இம்முறை 'நிறுவல் கலை' எனப்படுகிறது. சுற்றுச்சூழல் கல்வியிலும் உள்ளாட்சிப் பணியிலும் இதற்கு என்ன பங்கு இருக்கக்கூடும், அதன் எல்லைகள் யாவை என்பனவற்றை மாணவரும் அலுவலரும் அறிந்திருப்பது பயன் தரும்.

நிறுவல் கலை என்பது யாது?

ஓவியத்தை எந்தச் சுவரிலும் மாட்டலாம். சிலையை ஒரு பீடத்திலிருந்து எடுத்து இன்னொரு பீடத்தில் வைக்கலாம். நிறுவல் கலையை அவ்வாறு பெயர்த்தெடுப்பது எளிதன்று. ஓர் அறையோ, முற்றமோ, ஆற்றங்கரையோ முழுவதுமாகப் படைப்பின் பகுதியாகிவிடுகிறது. அங்குள்ள ஒளி, ஓசை, மணம் ஆகியவையும் காண்போர் நடந்து செல்லும் வழியும் அதில் சேரும். காண்பவர் படைப்பின் எதிரில் நிற்பதில்லை, அதற்குள் நுழைகிறார்.

இந்தக் கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. கொல்கத்தாவின் துர்க்கா பூஜைப் பந்தல்கள் மூங்கில், துணி, களிமண் முதலிய எளிய பொருள்களால் ஒரு தெருவையே சில நாள்களுக்கு வேறோர் உலகமாக மாற்றிவிடுகின்றன. விழா முடிந்ததும் களிமண் மீண்டும் ஆற்றை அடைகிறது. ஆயினும், தனிக் கலைத்துறை என்ற முறையில் 'நிறுவல்' என்னும் சொல் உலக அளவில் வழக்கிற்கு வந்தது 1960-களுக்குப் பின்னரேயாகும்.

சுற்றுச்சூழலோடு இக்கலை எவ்வாறு இணையும் என்பதற்கு ஜெர்மனியின் காசெல் நகரில் நிகழ்ந்த முயற்சி நல்ல எடுத்துக்காட்டு. 1982-இல் ஜோசப் பாய்ஸ் என்னும் கலைஞர் அந்நகரின் அருங்காட்சியகம் ஒன்றின் முன்னால் 7000 கருங்கற்களைக் குவித்தார். நகரில் ஒரு மரம் நடப்பட்டால் குவியலிலிருந்து ஒரு கல் எடுக்கப்பட்டு அம்மரத்தின் அருகே ஊன்றப்படும். எத்தனை மரங்கள் இன்னும் நடப்படவேண்டும் என்பதை எஞ்சிய குவியலே ஊருக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தது. பாய்ஸ் 1986-இல் காலமானார். எனினும் பணி நிற்கவில்லை. அடுத்த ஆண்டு இறுதி மரமும் நடப்பட்டது. அறிக்கையில் ஓர் எண்ணாக நின்றுவிடும் இலக்கு, அங்கே கண்ணெதிரே குறைந்துகொண்டே வரும் கற்குவியலாக மாறியது. இக்கலையின் அடிப்படை வலிமை இதுவேயாகும்.

இடிபாடுகளிலிருந்து ஒரு தோட்டம்

சண்டிகர் காட்டிலிருந்த உருவங்களைச் செய்தவர் நேக் சந்த் என்னும் சாலை ஆய்வாளர். 1924-இல் பிறந்த அவருடைய ஊர், 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் பாகிஸ்தான் பகுதிக்குள் சென்றுவிட்டது. வீடிழந்து வந்த அவர், புதிய தலைநகராக எழுந்துகொண்டிருந்த சண்டிகரில் பொதுப்பணித் துறையில் வேலைக்கு அமர்ந்தார்.

பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் லெ கார்புசியே வகுத்த திட்டப்படி அந்நகரம் உருவாயிற்று. அகன்ற சாலைகளும் நேர்கோட்டுப் பிரிவுகளும் எழுவதற்காக அங்கிருந்த பல சிற்றூர்கள் அகற்றப்பட்டன. அவ்வூர் மக்கள் விட்டுச் சென்ற ஓடுகளும் பாண்டங்களும், புதிய கட்டடப் பணியில் எஞ்சிய சிமெண்டுக் கழிவும் உடைந்த பீங்கானும் மலைபோல் சேர்ந்தன. நேக் சந்த் 1950-களின் பிற்பகுதியில் அவற்றைத் தம் மிதிவண்டியில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டு செல்லத் தொடங்கினார். சிவாலிக் மலையடிவார ஓடைகளில் கிடந்த விசித்திர வடிவக் கற்களையும் சேர்த்தார். பகலில் அலுவல், மாலையிலும் இரவிலும் சிற்பம் என ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் எவருக்கும் பெரிதாகத் தெரியாமல் இப்பணி நடந்தது.

உண்மை வெளிப்பட்டபோது, விதியை மட்டும் நோக்கியிருந்தால் அனைத்தும் தரைமட்டமாகியிருக்கும். பொதுமக்களின் ஆதரவும் சில அலுவலர்களின் தொலைநோக்கும் அதனைத் தடுத்தன. 1976-இல் 'பாறைத் தோட்டம்' என்னும் பெயரில் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்கு ஊதியத்துடன் கூடிய தனிப் பொறுப்பும், துணைக்கு ஐம்பது தொழிலாளரும் அளிக்கப்பட்டனர். நகரின் பல இடங்களில் கழிவுப் பொருள்களைச் சேகரிக்கும் நிலையங்களும் அமைந்தன. தனி ஒருவரின் மறைவான முயற்சி, நகரக் கழிவைத் திரும்பப் பயன்படுத்தும் ஒரு பொதுப் பணியாக மாறியது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தோட்டம் இன்று ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ளது.

இடிப்புக் கழிவை எவ்வாறு கையாளவேண்டும் என்பது குறித்து மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது 2016-இல்தான். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, நகரம் வளர்வதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதையும், தூக்கியெறியப்படும் பொருளின் மதிப்பு என்ன என்பதையும் இத்தோட்டம் காட்டிவிட்டது. உடைந்த வளையல்களால் ஆடை அணிந்து நிற்கும் பெண் உருவங்களைக் காணும் குழந்தைக்குக் கழிவுப் பயன்பாடு பற்றிய பாடம் தனியே தேவைப்படுவதில்லை.

ஆயினும் தோட்டத்தின் வரலாறு இடையூறின்றி நடந்துவிடவில்லை. 1980-களின் இறுதியில் அதன் வழியே சாலை அமைக்கும் முயற்சி நடந்தபோது பொதுமக்கள் திரண்டு எதிர்த்தனர். வழக்கு நீதிமன்றம் சென்று, தீர்ப்பு தோட்டத்திற்குச் சாதகமாக அமைந்தது. 1996-இல் நேக் சந்த் சொற்பொழிவுப் பயணமாக வெளிநாடு சென்றிருந்த காலத்தில் நிதியுதவி நிறுத்தப்பட்டது. விஷமிகள் சிலைகளைச் சேதப்படுத்தினர். பின்னர் ஒரு தனிச் சங்கம் பராமரிப்பை மேற்கொண்டது. நேக் சந்த் 2015-இல் மறைந்தார். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அருகிலுள்ள உயர் நீதிமன்றத்திற்கான சாலை, வாகன நிறுத்தப் பணிகளுக்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது நகர மக்கள் மீண்டும் குரல் எழுப்பினர். இடத்தோடு பிணைந்த கலை, இடத்தின் மீதான போட்டிகளிலிருந்து விலகி நிற்க முடியாது என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

குழாயடியில் ஒரு கலைப்பணி

பாறைத் தோட்டம் ஒருவருடைய கனவிலிருந்து பிறந்தது. ஊரார் கூடித் தங்கள் தேவையை ஆராய்ந்து உருவாக்கும் நிறுவல்களும் உண்டு. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் கொண்டகாவ்னை மையமாகக் கொண்டு நடந்த பணி இவ்வகையைச் சேர்ந்தது.

மும்பையைச் சேர்ந்த கலைஞர் நவ்ஜோத் அல்தாப் 1990-களின் இறுதியில் அங்கே சென்று, ராஜ்குமார், சாந்திபாய், கெஸ்ஸூராம் முதலிய பழங்குடிக் கலைஞர்களுடன் இணைந்து பணியாற்றத் தொடங்கினார். மரச் சிற்பத்திலும் உலோக வார்ப்பிலும் பெயர் பெற்ற பகுதி அது. ஊர்ப் பெண்கள் அன்றாடம் அதிக நேரம் செலவிடும் பொதுவிடம் எது என்று அவர்கள் நோக்கினர். கைப்பம்பு அமைந்த குழாயடியே அது. அங்கிருந்து 'நல்பார்' என்னும் கலைப்பணி பிறந்தது.

கைப்பம்பின் வரலாறு நாட்டின் வளர்ச்சி வரலாற்றில் ஒரு சிறந்த அத்தியாயமாகும். 1970-களில் அரசும் யுனிசெப் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய 'இந்தியா மார்க் 2' பம்பு, கோவைப் பகுதியில் கள ஆய்வு செய்யப்பட்டு, சென்னையில் தயாராகி, இலட்சக்கணக்கில் நாடெங்கும் சென்றது. ஆனால் பம்பு நிலைத்த அளவிற்கு அதைச் சுற்றியுள்ள இடம் கவனிக்கப்படவில்லை. மேடை பெயர்ந்த இடங்களில் சிந்திய நீர் தேங்கிச் சேறாகிறது, கொசு பெருகுகிறது, அசுத்த நீர் கசிந்து மீண்டும் ஆழ்துளைக் கிணற்றையே அடையவும் கூடும். நிறைந்த குடத்தைத் தரையிலிருந்து குனிந்து தூக்கும் பெண்ணின் முதுகுவலி எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

நல்பார் பணியில் கலைஞரும் ஊர் மக்களும் கூடிப் பேசி, இவற்றைக் கருத்திற்கொண்டு குழாயடியை மாற்றி அமைத்தனர். குடத்தை இடைநிலை உயரத்தில் வைத்துப் பின்னர் தலையில் ஏற்றிக்கொள்ள வசதியான மாடங்கள் கட்டப்பட்டன. நீர் தேங்காமல் வடிந்தோட வழி செய்யப்பட்டது. சுற்றுச் சுவர்களில் அப்பகுதியின் மரபு வடிவங்கள் இடம்பெற்றன. இதே குழுவினர் 'பில்லா குடி' என்னும் பெயரில் குழந்தைகள் கூடிக் கற்கவும் விளையாடவும் உரிய சிறு கூடங்களையும் எழுப்பினர்.

இதில் கலை எது, பொதுப்பணி எது என்று பிரித்துக் காட்டுவது கடினம். பொறியாளர் வரைந்த மாதிரிப் படம் ஒன்றே ஆயிரம் ஊர்களுக்குச் செல்லும். இங்கோ குழாயடியை நாள்தோறும் பயன்படுத்துவோரின் உடலசைவிலிருந்து வடிவம் பிறந்தது. தாங்களே ஆக்கிய இடத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் அக்கறையும் இம்முறையில் இயல்பாகவே வளரும்.

யமுனைக் கரையில்

பெருநகரங்களின் நிலை வேறு. அங்கே இயற்கை, மக்களின் கண்ணுக்கு அப்பால் சென்றுவிட்டது. யமுனை ஆற்றின் மொத்த நீளம் 1376 கிலோமீட்டர். இதில் வசீராபாத்திலிருந்து ஓக்லா வரை டெல்லி நகரினூடே அது செல்லும் தொலைவு 22 கிலோமீட்டர் மட்டுமே. மொத்த நீளத்தில் இரண்டு விழுக்காட்டிற்கும் குறைவு. ஆனால் ஆற்றை அடையும் மாசில் பெரும்பகுதி இச்சிறு தொலைவில்தான் கலக்கிறது. டெல்லிவாசிகளில் பலர் பாலத்தின் மேல் விரைந்து செல்லும்போதன்றி ஆற்றைக் காண்பதேயில்லை.

2008 டிசம்பரில் 'கோஜ்' என்னும் கலைஞர் அமைப்பு, டெல்லியின் கடுங்கோடை வெப்பத்தைக் குறிக்கும் '48 டிகிரி செல்சியஸ்' என்ற பெயரில் ஒரு பொதுக்கலை விழாவை நடத்தியது. நகரின் பல பொதுவிடங்களில் நிறுவல்கள் இடம்பெற்றன. ஷீபா சாச்சி என்னும் கலைஞர், டெல்லிப் பொது நூலகத்தின் பழைய கட்டடத்தில் மறந்துபோயிருந்த ஒரு நீச்சல் குளத்தைத் தேர்ந்தெடுத்தார். அடுக்கிய நூல்களையும், நீருக்கடியில் நீந்தும் யானையின் அசையும் படத்தையும் கொண்டு, நகரம் இழந்துவிட்ட நீரின் நினைவை அவ்விருண்ட இடத்தில் எழுப்பினார்.

2011-இல் டெல்லியும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரும் இணைந்து யமுனை, எல்பா ஆகிய ஆறுகளைக் குறித்த பொதுக்கலைத் திட்டத்தை மேற்கொண்டன. அதன் அமைப்பாளர்களில் ஒருவரான ரவி அகர்வால் கலைஞராகவும் சுற்றுச்சூழல் பணியாளராகவும் அறியப்பட்டவர். டெல்லியில் அது காட்சிக்கூடத்தில் அன்றி ஆற்றங்கரையிலேயே நடந்தது. யமுனை நீரைப் படிப்படியாகத் தூய்மையாக்கி ஊற்றாகப் பாயச் செய்யும் மாடிக்கட்டட வடிவ அமைப்பொன்றை ஜிஜி ஸ்காரியா அங்கே நிறுவினார். காட்சியைக் காண வந்தவர் ஆற்றின் அருகே நிற்க நேர்ந்தது. அதன் நிறத்தையும் நாற்றத்தையும் நேரில் அறிய நேர்ந்தது. மாசின் அளவைக் கூறும் அட்டவணையால் ஆகாத ஒரு காரியம் இது.

விதைகள் கூறும் சான்று

புவனேசுவரத்தில் 2012-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட 'இறையாண்மைக் காடு' என்னும் பொருள்படும் நிறுவல் வேறொரு வகையில் கருதத்தக்கது. இதனை அமைத்தவர் திரைப்படக் கலைஞர் அமர் கன்வர். ஒடிசாவில் தொழில் திட்டங்களுக்கெனக் குறிக்கப்பட்ட வயல், கடற்கரை, காடு ஆகியவை மாறுவதற்கு முன் எவ்வாறு இருந்தன என்பதை அவர் படம்பிடித்தார். கையால் செய்த தாள்களாலான பெரிய நூல்களின் பக்கங்கள் மீது படக்காட்சிகள் ஒளிபாய்ச்சிக் காட்டப்பட்டன. உழவர் நடபர் சாரங்கி காத்துவந்த 250-க்கும் மேற்பட்ட நாட்டு நெல் வகைகள் வரிசையாக வைக்கப்பட்டன. ஊர் மக்கள் தம்மிடமுள்ள ஆவணங்களையும் சான்றுகளையும் கொண்டுவந்து சேர்க்கவும் இடம் அளிக்கப்பட்டது. அதே ஆண்டு காசெல் நகரின் உலகக் கலைக்காட்சியிலும் இப்படைப்பு இடம்பெற்றது.

ஒரு நிலம் கைமாறும்போது அதன் பரப்பும் இழப்பீட்டுத் தொகையும் கணக்கில் ஏறுகின்றன. அந்நிலத்திற்கே உரிய விதையும், அதை அறிந்தவரின் அறிவும் எந்தக் கணக்கில் ஏறும் என்பதே இந்நிறுவல் எழுப்பும் கேள்வி. தொழில் வளர்ச்சி வேண்டுமா, வேண்டாவா என்பதற்கு இது தீர்ப்பு வழங்கவில்லை. தீர்ப்பு வழங்குவோர் எவற்றையெல்லாம் எடைபோடவேண்டும் என்பதை முன்வைக்கிறது. ஆட்சியில் இருப்போருக்கு இது சங்கடம் தரக்கூடியதே. ஆயினும் திட்டங்களின் சுற்றுச்சூழல் விளைவுகளை மதிப்பிடுவோர் புறக்கணிக்க இயலாத கேள்வி.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

நிறுவல் கலையால் ஆற்றில் கலக்கும் கழிவுநீரைத் தடுக்க முடியாது. அதற்குச் சுத்திகரிப்பு நிலையமும் உறுதியான கண்காணிப்பும் வேண்டும். சில நாள் காட்சிக்குப் பின் கலைஞர்கள் திரும்பிவிட, ஊரும் ஆறும் முன்போலவே கிடக்கும் நிலையும் ஏற்படுவதுண்டு. சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசும் படைப்பே நெகிழியையும் வண்ணச் சாயங்களையும் குப்பையாக விட்டுச் செல்லுமாயின் அதன் சொல் பொய்யாகிவிடும். விழாச் சிலைகளை நீரில் கரைப்பது குறித்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2020-இல் அவற்றைத் திருத்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், தெர்மோகோல் முதலியவற்றை விலக்கியது. கலைஞரும் இந்நெறியின் உட்பொருளைத் தமக்கு உரியதாகக் கொள்ளவேண்டும்.

ஊராரின் துன்பத்தை வேற்றூரார் வந்து காட்சிப்பொருளாக்கும் அபாயமும் உண்டு. பஸ்தரில் இது நேராமல் காத்தது, உள்ளூர்க் கலைஞரும் குழாயடிக்கு வரும் பெண்களும் தொடக்கம் முதலே பங்கு கொண்டதாகும்.

நிர்வாகம் செய்யக்கூடியவை

இவ்வனுபவங்களிலிருந்து அலுவலர்கள் பெறத்தக்க படிப்பினை ஒன்றுண்டு. பூங்காவின் மூலையில் வாங்கி வைக்கும் அலங்காரப் பொருளாக இக்கலையைக் கருதினால் அதன் பயன் கிடைப்பதில்லை. ஏரியைத் தூர்வாரும் பணி, குழாயடி சீரமைப்பு, கழிவுத் தரம்பிரிப்பு போன்ற திட்டம் தீட்டப்படும்போதே உள்ளூர்க் கலைஞரையும் கைவினைஞரையும் அழைத்துப் பேசினால், செலவு பெரிதும் கூடாமலேயே பணி மக்களின் மனத்தில் பதியும். பள்ளி, கல்லூரி மாணவர்கள் தம் ஊர்க் குளத்தையோ ஓடையையோ ஆராய்ந்து, அங்கே கிடைக்கும் பொருள்களைக் கொண்டே நிறுவல் அமைப்பது சிறந்த களக்கல்வியாகும். என்ன குப்பை கிடைக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று தேடும்போதே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பராமரிப்பையும் தொடக்கத்திலேயே முடிவு செய்தல் இன்றியமையாதது. நிலம் எந்தத் துறைக்கு உரியது, பழுது பார்ப்பவர் யார், ஆண்டுதோறும் நிதி எங்கிருந்து வரும் என்பவை எழுத்தில் இருக்கவேண்டும். 1996-இல் பாறைத் தோட்டத்திற்கு நேர்ந்த சேதம், ஒரு மனிதரின் அக்கறையை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. அதே தோட்டத்தை 1980-களின் இறுதியில் காப்பாற்றியது, அதனைத் தங்களுடையதெனக் கருதிய மக்களின் உறுதியாகும்.

விதி மீறி உருவான ஒன்றைக் கண்ட சண்டிகர் நிர்வாகம், இடிப்பதற்கு முன் நின்று பார்த்தது. அன்று அது காட்டிய பொறுமையின் பயனை இன்றும் இலட்சக்கணக்கானோர் கண்டு மகிழ்கின்றனர். தம் ஊரின் குப்பை மேட்டையும் குழாயடியையும் ஆற்றங்கரையையும் அதுபோன்றே ஒருகணம் நின்று பார்க்கும் பழக்கம் அலுவலரிடமும் மாணவரிடமும் வளருமானால், சுற்றுச்சூழல் பணியில் பாதி வழி கடந்ததாகும்.